அறை வைத்த லாரி

பினாயில் போட்டுக் கழுவியிருக்கிறார்கள். குதிரை நின்ற வண்டியைப் பினாயில் போட்டுக் கழுவுகிறவனிடம் ஒரு கயிறுகூட வாங்கக் கூடாது என்று மச்சான் இருந்தால் சொல்லியிருப்பார். இருந்தால் என்றா நினைத்தேன்? இருக்கிறாரே. இந்த ஜன்னல் வழியாகப் பார்த்தாலே தெரிகிறார், யார்டு வாசலில் தகரக் கொட்டகைக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில், நான் உட்கார வைத்துவிட்டு வந்த மாதிரியே. வலது கையை எடுத்து மடியில் வைத்துவிட்டு வந்தேன், வைத்த இடத்திலேயே இருக்கிறது. பக்கவாதம் வந்து வருஷம் ஒன்றாகப் போகிறது, இன்னமும் அவரை நினைக்கும்போது எனக்கு ‘இருந்தால்’ என்றுதான் வாயில் வருகிறது. யாராவது கேட்டால் செருப்பால் அடிப்பார்கள். அடி ஜெய்புன்னிசா, உன் புருஷன் மவுத்தாகவில்லை, உயிரோடு உட்கார்ந்திருக்கிறார், அவருக்குக் கட்டில் போட இடம் பார்க்கத்தான் நீ பழனியிலிருந்து தாராபுரம் வரை வந்து இந்த லாரிக்குள் ஏறி நிற்கிறாய். கட்டில் இருக்கிறது. அதுதான் முதலில் கண்ணில் பட்டது. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு அறை, அதில் ஆள் நீட்டிப் படுக்கிற கட்டில், கட்டிலுக்கு அடியில் சாமான் வைக்கப் பெட்டி, கை கழுவத் தொட்டி, அடுப்பு வைக்கப் பலகை, பக்கவாட்டில் ஏறி இறங்கத் தனிக் கதவு, இந்த ஜன்னல். அறைக்குப் பின்னால் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் குதிரை. ஒரு குதிரை. நம்மிடம் இருப்பது இரண்டு.

“மெதுவாப் பாருங்கம்மிணி, அவசரமே இல்லீங்க” என்கிறார் கீழே நிற்கிற நாச்சிமுத்து. இந்த யார்டு அவருடையது. பழைய லாரி வாங்கி, தட்டி, பெயின்ட் அடித்து விற்கிறவர். மூச்சு விட்டுவிட்டு, “சாயங்காலம் கோயமுத்தூருப் பார்ட்டி ஒண்ணு வருது, அவங்க கண்ணு இதும்மேலதான்” என்று சேர்த்துக்கொள்கிறார். அவசரமில்லையாம், சாயங்காலம் பார்ட்டியாம். இதுவும் நல்லதுதான், யாராவது கழுத்தைப் பிடித்துத் தள்ளினால்தான் நான் ஒரு முடிவுக்கு வருவேன். கோயமுத்தூரில் குதிரை ஏறக் கற்றுக்கொடுக்கிறவர் யாரோ கட்டிய வெள்ளை வண்டி இது, பந்தயத்துக்குக் குதிரையைக் கொண்டுபோய் அங்கேயே தங்குவதற்காக. பக்கத்தில் நிற்கிற நீல லாரியும் குதிரை ஏற்றுவதுதான், அதில் இரண்டு குதிரை பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம், ஆனால் அறை கிடையாது, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு ஆள் ஒடுங்கிப் படுக்க ஒரு பலகை, அவ்வளவுதான். விலை இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை என்று நாச்சிமுத்து சொல்லிவிட்டார். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஒன்று எட்டாத விலையாக இருந்திருந்தால் நான் அதைக் காட்டி அழுதுவிட்டு மற்றதை எடுத்துக்கொண்டு போயிருப்பேன். இப்போது பார், எதை எடுத்தாலும் நானாகத்தான் எடுக்கிறேன்.

மெத்தையை அமுக்கிப் பார்க்கிறேன். பரவாயில்லை, கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை அறையில் போடுகிற மெத்தையைவிட நன்றாகவே இருக்கிறது. குதிரையை வைத்துக் கல்யாணம் கல்யாணமாகப் போகிறோமே தவிர மண்டபத்துக்குள் மெத்தையில் யார் நம்மைப் படுக்க விட்டார்கள், சமையல்கட்டுக்குப் பின்னால் எச்சில் இலை விழுகிற இடத்தில் குதிரையைக் கட்டிவிட்டு, குட்டியானை வண்டிக்குள்ளேயே காலை மடக்கிப் படுத்துக்கொள்வோம், அவர் ஒரு ஓரம், நான் ஒரு ஓரம். அப்போதெல்லாம் அவர்தான் சொல்வார், ஜெய்பு, ஒரு நாள் அறை வச்ச லாரி வாங்குறோம், நீ உள்ள ஃபேன் போட்டுப் படுத்துக்கோ, நான் பவுனு பக்கத்துல படுத்துக்குறேன். பவுனு குதிரை. சிவப்புப் பெட்டை. மற்றது மைனர், வெள்ளை, கல்யாண மாப்பிள்ளைகள் எல்லாரும் ஏற ஆசைப்படுகிறது மைனர் மேல்தான், அது நடக்கிற நடைக்கு வைத்த பெயர். இரண்டையும் பூட்டினால்தான் சாரட் ஓடும். சாரட் ஓடினால்தான் நாங்கள் சாப்பிடுகிறோம், அதுகளும் சாப்பிடுகின்றன, மாத்திரை வாங்குகிறோம். மைனரை மட்டும் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை அழைப்புக்கு மட்டும் போனால் எத்தனை நாளைக்கு ஓட்ட முடியும். அதனால் அறை வைத்த லாரி என்றால் பவுனு இல்லை. பவுனு வேண்டுமென்றால் அறை இல்லை. அறை இல்லையென்றால் மச்சான் இல்லை. மூன்றாவதாக ஒரு லாரியை அல்லாஹ் எங்கேயாவது நிறுத்தி வைத்திருக்கலாம், நானும் அன்னூர் வரைக்கும் பார்த்துவிட்டேன், இல்லை.

வீடும் குதிரை லாயமும் இருக்கிற இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அங்கே கல்யாண மண்டபம் வருகிறது. இதைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன், இடத்துக்காரர் கோபித்துக்கொண்டார், கல்யாணத்தில் பிழைக்கிறவளைக் கல்யாண மண்டபமே துரத்துகிறது என்றால் சிரிக்காமல் என்ன செய்வது. இனி ஊரும் இல்லை வீடும் இல்லை, உடுமலை, கரூர், திண்டுக்கல் என்று முகூர்த்தம் எங்கேயோ அங்கே போய் நிற்க வேண்டியதுதான், வண்டிதான் வீடு. ஓட்டுவது நான். குட்டியானையை ஓட்டிப் பழகிய கை, இதையும் ஓட்டிவிடும். ஓட்டுவதைப் பற்றி எனக்குப் பயமே இல்லை. இந்த அறைதான் பயம். இந்தக் கதவைச் சாத்தினால் நானும் அவரும், அந்தக் கட்டிலில் அவர், இந்தத் தரையில் நான், நடுவில் மூத்திரப் பாத்திரம், அவர் தொண்டையில் சளி கட்டினால் கர் கர் என்கிற சத்தம், அது நின்றுவிட்டால் அதைவிடப் பயம். இப்போதுள்ள வீட்டில் இரண்டு அறையாவது இருக்கிறது, நடு வீட்டில் அவரைப் படுக்க வைத்துவிட்டு அடுப்படியில் போய் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன், சும்மா, ஒன்றுமே செய்யாமல், அந்தக் கொஞ்ச நேரம் இல்லாவிட்டால் எப்போதோ பைத்தியம் பிடித்திருக்கும். இங்கே நின்றுகொண்டு பார்க்க எந்தச் சுவர் இருக்கிறது. தடுப்பு இருக்கிறது, தடுப்பில் ஒரு சின்னக் கதவு, அதைத் திறந்தால் குதிரையின் முகம். அது நல்ல விஷயம்தான். ஆனால் எந்தக் குதிரையின் முகம்?

இந்த வண்டியில் ஏதாவது குறை இருக்க வேண்டும். இல்லாமல் இருக்காது. தகரக் கூரை, சித்திரை வெயிலில் வெந்துவிடுவார். கையை உயர்த்திக் கூரையைத் தொடுகிறேன், தகரம் இல்லை, உள்ளே பலகை அடித்து நடுவில் ஏதோ வைத்திருக்கிறார்கள், வெளியே இவ்வளவு வெயிலுக்கும் தொட்டால் சுடவில்லை. சரி, படி. படி உயரம், ஒரு கால் இழுக்கிறவரை இதில் எப்படி ஏற்றுவது? “நாச்சிமுத்தண்ணே, இந்தப் படி ரொம்ப உசரமா இருக்கே.” “அதா, அதுக்குக் கீழ ஒரு படி மடக்கி வச்சிருக்குதுங்க, இழுத்தீங்கன்னா வந்துரும்.” இழுக்கிறார், வருகிறது, அவரே ஏறி இறங்கிக் காட்டுகிறார், அறுபது வயசு ஆள், தொந்தியோடு. படியும் சரியாக இருக்கிறது. பிறகு என்ன. மூத்திரம். குதிரை மூத்திரம் கொஞ்சமா போகும், ஒரு குடம் போகும், அது தடுப்புக்கு அடியில் வழிந்து அறைக்குள் வந்தால் கட்டிலுக்குக் கீழே குளம் கட்டிவிடும். இதை யாரும் யோசித்திருக்க மாட்டார்கள், பணக்காரன் கட்டிய வண்டி, மெத்தையை யோசித்திருப்பான், மூத்திரத்தை யோசித்திருக்க மாட்டான். “அண்ணே, ஒரு வாளித் தண்ணி கொண்டாந்து குதிரை நிக்கிற எடத்துல ஊத்துங்க.” நாச்சிமுத்து என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு வாளியைக் கொண்டுவந்து ஊற்றுகிறார். நான் தடுப்புக் கதவைத் திறந்து குனிந்து பார்க்கிறேன், இந்தப் பக்கம் வா, இந்தப் பக்கம் வா என்று மனசுக்குள் கூப்பிடுகிறேன், தண்ணீர் கொஞ்ச நேரம் யோசிக்கிற மாதிரி அங்கேயே நின்றுவிட்டுப் பின்பக்கமாக ஓடி ஓட்டை வழியாகக் கீழே இறங்கிவிட்டது. “இறக்கத்துல பிரேக் போட்டா?” “முன்னாடி வருமுங்க. அதுக்குத்தான் தடுப்புக்கு அடியில உள்ளங்கை உசரத்துக்கு மேடு கட்டியிருக்குது, தொட்டுப் பாருங்க.” தொட்டுப் பார்க்கிறேன். கட்டியிருக்கிறது. எனக்கு அழுகை வருகிறது. இவ்வளவு நல்ல வண்டியாக இருக்கிறதே என்று அழுகிறவளை நாச்சிமுத்து தன் தொழிலில் பார்த்திருக்க மாட்டார், நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பிக்கொள்கிறேன்.

பவுனை விற்றுவிடு என்று எல்லாரும் சொல்கிறார்கள். சொல்வதற்குக் காரணமும் வைத்திருக்கிறார்கள். பவுனுக்கு இடது கண்ணுக்குக் கீழே மயிர் சுற்றி ஒரு சுழி இருக்கிறது, கண்ணீர் வடிகிற இடத்தில். அந்தச் சுழி உள்ள குதிரையைக் கட்டிய வீட்டில் பொம்பிளை அழுவாள் என்று சந்தையில் ஒருத்தரும் தொட மாட்டார்கள். அந்தியூர்ச் சந்தையில் பவுனு ஒரு ஓரமாகத் தனியாகத்தான் நின்றுகொண்டிருந்தது. மச்சான் சுழி பார்ப்பதில் பெரிய ஆள், வேறு ஊர்க்காரர்கள்கூட அவரைக் கூட்டிப்போய்க் காட்டித்தான் குதிரை வாங்குவார்கள், அவர் அந்தச் சுழியைப் பார்த்தார், பார்த்துவிட்டுத்தான் வாங்கினார். என்ன மச்சான் இது என்றேன். “சுழி குதிரைக்குத்தானே இருக்கு, எனக்கா இருக்கு” என்றார். அதே வருஷம் உடுமலையில் ஒரு கல்யாணத்தில், மைனருக்குச் சேணம் இறுக்கிக்கொண்டிருந்தவருக்குக் கை இறுக்க வரவில்லை, வாரை விட்டுவிட்டு என்னைப் பார்த்துப் பாதி வாயால் சிரித்தார், மாப்பிள்ளையின் மாமா ஒருத்தர் குடிச்சிட்டு வந்திருக்கான் பாரு என்று சத்தம் போட்டார், வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாத மனுஷனை. அதற்குப் பிறகு ஊர் வாயை மூடவா முடியும். சுழி பார்ப்பதெல்லாம் நம் மார்க்கத்தில் இல்லை என்று ஜும்மாவில் சொல்கிற ஹஜ்ரத்கூட, ஆறுதல் சொல்ல வந்தவர், போகும்போது பவுனின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போனார். நம்பவில்லை நான். நம்பினால் எவ்வளவு சுலபமாக இருக்கும், பவுனை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டு, அறை வைத்த லாரியை எடுத்துக்கொண்டு, புருஷனைக் கட்டிலில் படுக்க வைத்து, மைனரை மட்டும் ஓட்டிக்கொண்டு, ஆகா எப்பேர்ப்பட்ட பொண்டாட்டி என்று பழனியே பேசும். ஆனால் பவுனு நான் வந்தால் காதை முன்னால் திருப்புகிறது. என் காலடிச் சத்தம் கேட்டதும் தொண்டைக்குள் ஒரு குரல் கொடுக்கிறது. இந்த ஒரு வருஷத்தில் என்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஜீவன் உலகத்தில் அது ஒன்றுதான். மச்சான் என்னைப் பார்க்கும்போது அவர் முகத்தில் இருப்பது பயம், நான் எரிச்சலில் இருக்கிறேனா இல்லையா என்று பார்க்கிற பயம், அதைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

ஹலீமா மதினி வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அவருடைய அக்கா. “என் தம்பிதானேடி, நான் பாக்காம யாரு பாப்பா, நீ பொழப்பப் பாரு” என்றாள், சொல்லும்போதே அவள் கண் கிணற்றடியில் இருக்கிற அறைக்குப் போனது, அதில் சிமென்ட் மூட்டையும் உடைந்த தொட்டிலும் கிடக்கிறது, அதை எங்கே எடுத்துப் போடுவது என்று அந்த நேரத்திலேயே யோசிக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. கெட்டவள் இல்லை. அவளுக்கு முட்டி வலி, மருமகளோடு சண்டை, மூன்று பேரப் பிள்ளைகள். கரூர்க் கல்யாணத்துக்குப் போனபோது இரண்டு நாள் அங்கே விட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்து போர்வையை விலக்கினேன். திருப்பிப் படுக்க வைக்கவில்லை, இடுப்புக்குக் கீழே தோல் வழன்று சிவந்திருந்தது. சோற்றுத் தட்டு கைக்கெட்டாத தூரத்தில், வலது பக்கமாக, எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது. வலது பக்கம் வைத்தால் எப்படி எடுப்பார், அந்தக் கைதானே போய்விட்டது. மதினிக்கு இது தோன்றவே இல்லை. இரண்டு நாளில் இது. ஒரு முகூர்த்த சீசன் முழுக்க விட்டால் திரும்பி வரும்போது என்ன இருக்கும். தெரியும். எனக்குத் தெரியும், மதினிக்கும் தெரியும், ஆஸ்பத்திரியில் மருந்து எழுதுகிற பையனுக்குக்கூடத் தெரியும், புண் வந்தால் அவ்வளவுதான் என்று அவன்தான் சொன்னான். அந்த அறையில் அவரை விடுவது என்றால் அடுத்த நோன்பை அவர் பார்க்க மாட்டார். இதைத் தெரிந்துகொண்டேதான் நான் இந்த வண்டியில் குறை தேடிக்கொண்டிருக்கிறேன். படி உயரமாம், கூரை சுடுமாம், மூத்திரம் வழியுமாம். அட பாவி.

“அந்த நீல வண்டிய ஒருக்கா ஏறிப் பாக்குறேண்ணே.” “பாருங்க பாருங்க. ஆனா அதுல அண்ணனுக்குத் தோது இருக்காதுங்களே.” “சும்மா பாக்குறேன்.” சும்மாதான். இறங்கும்போது மச்சான் பக்கம் பார்க்காமல் இறங்குகிறேன், பார்க்காமல் இருக்கிறேன் என்பதை அவர் பார்த்துக்கொண்டிருப்பார், பேச்சுத்தான் போனதே ஒழிய கண் போகவில்லை, முன்னைவிட இப்போதுதான் எல்லாவற்றையும் பார்க்கிறார். நீல வண்டி. பின்பக்கக் கதவு சாய்ந்து இறங்கி அதுவே குதிரைக்கு ஏறுகிற பாதையாகிறது, கயிற்றுப் பாய் ஆணியடித்திருக்கிறார்கள், குளம்பு வழுக்காது. உள்ளே நடுவில் ஒரு தடி, தடிக்கு அந்தப் பக்கம் மைனர், இந்தப் பக்கம் பவுனு. இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ளலாம், தடிக்கு மேலே தலையை நீட்டிக் கழுத்தைச் சொறிந்துகொள்ளலாம். ஒன்றைப் பிரித்து வைத்தால் மற்றது தீனி எடுக்காது, குட்டியானையில் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் இறக்கிய காலத்தில் இது பட்ட பாடு போதும், மைனரை இறக்கிவிட்டுப் பவுனுக்காகத் திரும்பிப் போவதற்குள் அங்கே அது கத்துகிற கத்தில் கல்யாண வீட்டில் மேளக்காரனே நிறுத்திவிட்டான். இங்கே நான் குதிரைகளைப் பற்றி யோசிக்கிறேன், பார், எவ்வளவு அக்கறையாக, எவ்வளவு நுணுக்கமாக. முன்பக்கம் போய் டிரைவர் சீட்டில் ஏறி அதற்குப் பின்னால் இருக்கிற பலகையைப் பார்க்கிறேன். ஒரு பெஞ்சு அகலம். மேலே ரெக்சின் தைத்த மெத்தை, கிழிந்து பஞ்சு தெரிகிறது. ஒரு ஆள். இரண்டாவது ஆளுக்கு அங்கே உட்காரக்கூட இடமில்லை. படுத்துத்தான் பார்ப்போமே என்று செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தேன். முழங்காலை மடக்கினால்தான் பிடிக்கிறது. முகத்துக்கு மேலே கூரை, கையை நீட்டினால் தொடலாம். பக்கத்தில் யாரும் இல்லை. மூச்சுச் சத்தம் இல்லை. யாரையும் திருப்பிப் போட வேண்டாம். வெளியே நாச்சிமுத்து யாரிடமோ போனில் பேசுகிற சத்தம் தூரத்தில் போய்க்கொண்டே இருந்தது, போய்க்கொண்டே இருந்தது, என் கை தானாக அவிழ்ந்து பக்கத்தில் விழுந்ததை உணர்ந்தேன், சுகமாக இருந்தது, சின்ன வயசில் காய்ச்சல் விட்டபிறகு வருகிற தூக்கம் மாதிரி ஒன்று காலிலிருந்து மேலே ஏறிக்கொண்டு வந்தது.

“அம்மிணி, அம்மிணி, தூங்கிப்போட்டீங்களா?” எழுந்து உட்கார்ந்தேன், கூரையில் தலை இடித்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, கொஞ்ச நேரம்தான் இருக்கும், வாயோரம் எச்சில் வழிந்திருந்தது. ஒரு வருஷத்தில் நான் முழுசாகத் தூங்கியது இதுதான். அங்கே என் புருஷன் வெயில் ஏற ஏற நாற்காலியில் உட்கார்ந்திருக்க, பட்டப்பகலில், யார்டில், முன்பின் தெரியாத ஒருவருடைய லாரியில். வெட்கமாக இல்லை. அதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது, வெட்கம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை, இன்னும் கொஞ்சம் தூங்க வேண்டும் போலத்தான் இருந்தது. அப்போதே முடிந்துவிட்டது என்று நினைக்கிறேன். நான் முடிவு செய்தேன் என்று சொல்ல மாட்டேன், என் முதுகு முடிவு செய்தது. இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, “நீலத்தையே எடுத்துக்குறேண்ணே” என்றேன். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, கத்தரிக்காய் வாங்குகிற குரல். நாச்சிமுத்து கொட்டகைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். “அப்ப அண்ணனுக்கு?” “அவரு அவங்க அக்கா வீட்டுல இருப்பாரு. நல்லாப் பாத்துக்குவாங்க.” முதல் தடவையாக வாய் விட்டுச் சொல்கிறேன். நல்லாப் பாத்துக்குவாங்க. அதையும் சேர்த்துச் சொல்ல எப்படி வந்தது. “அப்படீங்களா, செரி, சொந்தக்காரங்க பாத்துக்கிட்டாத் தேவலைதானுங்க” என்று சொல்லிவிட்டு அவர் சாவி எடுக்க ஆபீஸ் அறைக்குள் போய்விட்டார், அவருக்கு என்ன, அவர் வேலை வண்டி விற்பது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேனோ. யாராவது ஒருத்தர் திட்டியிருக்கலாம்.

இப்போது கொட்டகை வரைக்கும் நடக்க வேண்டும். யார்டில் கிடக்கிற டயர்களைச் சுற்றிக்கொண்டு, ஆயில் கொட்டிய மண்ணை மிதித்துக்கொண்டு நடக்கிறேன். என்ன சொல்வது? வெள்ளை வண்டியில் கூரை ஒழுகுகிறது. இன்ஜின் சரியில்லை, புகை தள்ளுகிறது. பவுனும் மைனரும் பிரிந்தால் தீனி எடுக்காது, உங்களுக்குத்தான் தெரியுமே மச்சான். சீசன் முடியும்வரைக்கும்தான், ஆடி வந்தால் முகூர்த்தம் இல்லை, ஆடியில் வந்து கூடவே இருப்பேன். வாரத்துக்கு ஒருதரம் வந்து குளிப்பாட்டிவிட்டுப் போவேன். மதினியிடம் தட்டை இடது பக்கம் வைக்கச் சொல்லிவிடுகிறேன், எழுதிச் சுவரில் ஒட்டிவிடுகிறேன். எல்லாமே நல்ல காரணமாக இருக்கிறது, இவ்வளவு காரணத்தை வைத்துக்கொண்டு ஒருத்தி ஏன் இப்படி டயர்களைச் சுற்றிச் சுற்றி நடக்க வேண்டும். அவரிடம் கேட்டால் சரி என்றுதான் தலையை ஆட்டுவார். முன்னே எதற்கெடுத்தாலும் என்னோடு மல்லுக்கு நிற்பார், ஒரு கொள்ளுப் பை வாங்குவதற்குக்கூட, இப்போது எல்லாவற்றுக்கும் தலையாட்டல், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. யா அல்லாஹ், இவர் ஒரே ஒரு தடவை மாட்டேன் என்று சொல்லட்டும், எதையாவது எடுத்து என் மேல் எறியட்டும், நான் திரும்பிப் போய் அந்த வெள்ளை வண்டியை எடுத்துவிடுகிறேன். சத்தியமாக எடுத்துவிடுகிறேன்.

பக்கத்தில் போய்க் குனிந்து அவர் வாயைத் துடைத்துவிட்டேன். “நீல வண்டிய எடுத்துட்டேன் மச்சான்.” அவர் என்னைப் பார்த்தார். பிறகு நீல வண்டியைப் பார்த்தார், அதன் நீளத்தை முன்னாலிருந்து பின்னால்வரை கண்ணால் அளந்தார், குதிரை நிற்க எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று பார்க்கிறார், அந்தக் கணக்கு அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். “வெள்ளையில கூரை ஒழுகுது” என்றேன். “அதுலயும் பவுனு இல்லாம மைனரு...” என்று ஆரம்பித்து விட்டுவிட்டேன். அவர் கேட்கவில்லை. குனிந்துகொண்டார். இடது கையைத் தூக்கிச் சட்டையின் மேல் பொத்தானைப் பிடித்தார், பிடி நழுவியது, மறுபடியும் பிடித்தார். வேர்க்கிறதோ என்று நினைத்தேன். “என்ன மச்சான், புழுக்கமா இருக்கா, ஃபேன் பக்கம் நாற்காலியைத் தள்ளட்டா?” இல்லை என்று தலையை ஆட்டினார். ஒரு பொத்தான் கழன்றது. அடுத்ததற்குப் போனார். வெளியிடத்தில் எதற்கு இது, யார்டில் லாரிக்காரர்கள் நாலு பேர் டீ குடித்துக்கொண்டு பார்க்கிறார்கள், எனக்கு எரிச்சல் வந்தது, கையைப் பிடித்து நிறுத்தப் போனேன், அவர் என் கையை விலக்கிவிட்டு மூன்றாவது பொத்தானைக் கழற்றினார், நெற்றியில் வேர்வை பொடித்திருந்தது, பாதி வாய் இறுகியிருந்தது. கடைசிப் பொத்தான் வரைக்கும் அவராகவே கழற்றினார். சட்டையின் இடது பக்கத்தைத் தோளிலிருந்து தள்ளிவிட்டார், குலுக்கிக் குலுக்கிக் கையை வெளியே எடுத்தார். எடுத்த கையால் அந்தப் பாதிச் சட்டையைப் பிடித்து என் பக்கம் நீட்டினார். பிறகு நீல வண்டியைக் காட்டினார்.

அவர் கூடப் போக முடியாத ஊருக்குக் குதிரையை வேறு ஆள் பொறுப்பில் அனுப்பும்போது போட்டிருக்கிற சட்டையைக் கழற்றிக் கொடுத்தனுப்புவார். துவைத்தது ஆகாது, வேர்வையோடு இருக்க வேண்டும். தீனித் தொட்டிக்கு மேலே குதிரையின் மூக்குக்கு நேராகக் கட்டிவிடச் சொல்வார், வாசனை இருந்தால் புது வண்டி என்றாலும் ஏறிவிடும், வழியில் மிரளாது. அவரும் கூட ஏறுகிறார் என்றால் சட்டை தேவையில்லை.

 என் வாயில் அந்த வெள்ளை வண்டி வந்து நின்றது, சொல்லிவிடலாம், ஒரு வார்த்தை, நாச்சிமுத்து சாவியோடு ஆபீஸ் வாசலில் நிற்கிறார், கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். முதுகில் இன்னும் அந்தப் பலகையின் சுகம் இருந்தது. சட்டையின் வலது பக்கம் அவர் மேலேயே மாட்டிக்கொண்டு நின்றது, அந்தக் கையிலிருந்து அவரால் உருவ முடியாது, தினமும் காலையில் நான்தான் உருவிவிடுவேன். மண்டியிட்டு உட்கார்ந்து சட்டைக் கையின் நுனியைப் பிடித்து, தோல் இழுபடாமல், மெதுவாக இழுத்தேன். முழங்கைக்குக் கிட்டே சிக்கிக்கொண்டது. அவர் இடது கையால் தன் வலது கையைத் தூக்கி, எனக்குத் தோதாக நீட்டிப் பிடித்துக்கொடுத்தார்.